நீ மருந்து குடிக்கவில்லை

தோஸ்து,

போன வியாழக்கிழமை காலையில் ஏரிக்குக் கீழே இருக்கிற கழனி வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது அந்த வாடை மறுபடியும் மூக்கில் ஏறியது. அழுகின பூண்டும் மண்ணெண்ணெயும் சேர்ந்த மாதிரி வந்து தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளுமே, அதேதான். நான் மருந்து அடிப்பதை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. என்னுடைய அரைக் காணிக்குக்கூட ஆள் வைத்துத்தான் அடிக்கிறேன். அடிக்கிற அன்றைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ஆற்காட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். வீட்டில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அன்றைக்குத் தப்பிக்க முடியவில்லை, ஊரே அங்கே நின்றது.

ட்ரோன் வந்திருந்தது. ஆறு காத்தாடி, வயிற்றில் பத்து லிட்டர் பிடிக்கிற டேங்க். ஆட்டோவில் ஏற்றி வந்து, பாயைப் போட்டு அதன்மேல் இறக்கி வைத்தார்கள். ஓட்டுவது ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசு இருக்கும். முகத்தில் மாஸ்க், கையில் உறை, காலில் ஷூ. கழனியில் அவள் கால் வைக்கவே இல்லை. வரப்பில் நின்றபடியே கையிலிருந்த பெட்டியில் இரண்டு குச்சியைத் தள்ளினாள், அது எழும்பிப் போய் நெல்லுக்கு மேலே ஆள் உயரத்தில் வெள்ளையாகத் தூவிக்கொண்டே போனது. ஏழெட்டு நிமிஷத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிட்டது. நமக்கு ஏக்கருக்குப் பன்னிரண்டு டேங்க் பிடிக்கும், ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு தடவை முதுகில் ஏற்றி, பன்னிரண்டு தடவை இறக்கி.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏம்மா, புகையான் பூச்சி தூர்லதானே ஒக்காந்திருக்கும்? நீ மேலேர்ந்து தூவுனா அதுக்கு எப்பிடிப் போவும்?" என்று கேட்டேன்.

"காத்தாடிக் காத்து பயிரைப் பிரிச்சி உடும்ணா, கொஞ்சம் எறங்கும். பயிரு ரொம்ப அடர்த்தியா இருந்தா கஷ்டந்தான்" என்றாள். பொய் சொல்லாத பெண். நீ இருந்திருந்தால், 'பாத்தியா, தூர்ல அடிக்க நம்மளாட்டம் குனியறவன்தான் வேணும்' என்று என் முதுகில் ஒன்று போட்டிருப்பாய்.

அடுத்த கழனிக்குக் கிளப்புவதற்கு முன்னால் அவள் எல்லோரையும் காற்றுக்கு மேல் பக்கமாக வந்து நிற்கச் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள். "மருந்து மேல பட்டுச்சின்னா மொதல்ல துணியக் கழட்டணும். சோப்பு போட்டு ஒடம்ப நல்லாக் கழுவணும். வாயில போனாத்தான் வெசம்னு நெனைக்காதீங்க, தோல் வழியாவே ஏறிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா, மேல பட்டுச்சின்னு கரெக்டா சொல்லணும். மாத்திச் சொன்னா ஆபத்து." கூட்டத்தில் ஒருத்தன், "துணியக் கழட்டிட்டு ரோட்டுல ஓட முடியுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தோஸ்து என்று நமக்குப் பெயர் வைத்தவர் டேனரி மேஸ்திரி பாய். ராணிப்பேட்டையில் சுண்ணாம்புத் தொட்டியில் நாம் இரண்டு பேரும் தோல் புரட்டிக்கொண்டிருந்த காலம். நான் கோயில் கும்பிடுகிறவன், நீ சர்ச்சுக்குப் போகிறவன், கூப்பிடுகிறவர் பாய். மூன்று பேரும் ஒரே தூக்கில் டீ வாங்கிக் குடிப்போம். அந்த வேலையின் நாற்றம் பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் காலி பண்ணிவிடும். 'நமக்கு எப்பவும் சீட்டு கெடைக்கும்டா' என்பாய். ஆனாலும் டேனரியில் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் கொடுத்தார்கள், கைக்கு உறை கொடுத்தார்கள். அது மூடினதும், இருந்த காசைச் சேர்த்துப்போட்டு ஒரு பழைய கைத்தெளிப்பான் வாங்கினோம். கலவை ஊர் சுற்றுவட்டாரத்தில் யார் கழனியில் பூச்சி விழுந்தாலும் நம்மைத்தான் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் நீ டேனரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு நெல் கழனியில் இறங்கினாய். பத்து அடி போவதற்குள் ஒரு பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்று நீ தள்ளாடியதைப் பார்த்துக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதோடு பூட்ஸ் போயிற்று. உறை போட்டால் தெளிப்பானின் மூக்குக் குழாய் அடைப்பு எடுக்க வராது என்று அதுவும் போயிற்று. அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவோம். மருந்தைக் கையாலேயே கலக்குவோம். வேலை முடிந்ததும் ஒரு சொம்பு மோர் குடித்தால் எல்லாம் முறிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

நமக்குள் ஒரே ஒரு சட்டம். ஒரு டேங்க் நீ, ஒரு டேங்க் நான். ஒருத்தன் அடிக்கும்போது மற்றவன் தண்ணீர் மொண்டு மருந்து கலந்து வைக்க வேண்டும். யாரும் யாருக்கும் முந்தக் கூடாது.

டேங்க் மூடியில் வாஷர் தேய்ந்து போய் முதுகில் ஒழுகும். அதற்கு நீதான் வழி கண்டுபிடித்தாய். டேனரியிலிருந்து வரும்போது கொண்டுவந்த கெட்டியான தோல் துண்டு ஒன்றை முதுகு அளவுக்கு வெட்டி, நாலு மூலையிலும் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, முதுகோடு கட்டிக்கொண்டாய். பட்டை அறுக்காது, ஒழுகுகிற மருந்தும் உள்ளே போகாது என்றாய். எனக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தாய். தோல் வேலை தெரிந்தவர்கள் என்று ஊரில் நமக்கு அதற்காகவே ஒரு பேர். ஊறின தோல் தண்ணீரை விடாது என்பது சுண்ணாம்புத் தொட்டியில் ஏழு வருஷம் நின்ற நமக்குத் தெரியாதா? தெரியும். அது நம் முதுகில் இருக்கும்போது மட்டும் தோன்றவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். எத்தனை சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

எனக்குத் தோளில் கட்டி புறப்பட்டு, பட்டையை மாட்ட முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றேன். புகையான் விழுந்த கழனி, ஒரு நாள் விட்டால் வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும் என்று நிலத்துக்காரர் காலையில் ஆள் விட்டிருந்தார். "நீ கலக்கிக் குடு, ஒன் டேங்க்கையும் நானே அடிச்சிட்றேன்" என்றாய். எப்போதும் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குகிறவன் அன்றைக்கு வாயையே திறக்கவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. கேட்டும் கேட்காத மாதிரி விட்டுவிட்டேன்.

காற்றே இல்லாத நாள். ஒன்பது டேங்க் வரைக்கும் எண்ணினேன். பத்தாவது டேங்க்கோடு கழனி நடுவில் நின்றுவிட்டாய். "கண்ணு மங்குதுடா சேகரு" என்றாய். நான் ஓடிவந்து டேங்க்கை இறக்குவதற்குள் மண்டி போட்டுவிட்டாய். வேர்வை ஆறாக ஊற்றியது, வாயில் எச்சில் நிற்கவில்லை, கை வெடவெடவென்று ஆடியது. நிலத்துக்காரர் டெம்போவில் உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வழி முழுக்க உன் தலை என் மடியில்தான் இருந்தது.

என் புத்தி எங்கே போயிற்று என்று சொல்கிறேன், கேள். அதற்கு முந்தின கோடையில் எனக்கும் மருந்து அடிக்கும்போது மயக்கம் வந்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாயே. வெயில் மயக்கம் என்று ஒரு பாட்டில் க்ளுக்கோஸ் ஏற்றி, ரெண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பினார்கள். அதே நேரத்தில் மருந்து குடித்துவிட்டான் என்று ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரெண்டு டாக்டர், மூன்று நர்ஸ், குழாய், ஊசி என்று அவனைச் சுற்றி ஓடினார்கள். 'நம்மளும் குடிச்சம்னு சொல்லியிருக்கலாம் போல' என்று நீதான் என் காதில் சொல்லிச் சிரித்தாய். டெம்போவில் அது எனக்கு ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும், "இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள்.

"மருந்து குடிச்சிட்டான்" என்றேன்.

ஓடித்தான் வந்தார்கள். நான் நினைத்தது நடந்தது. உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அப்போது உனக்கு நினைவு இருந்தது, தோஸ்து. நான் சொன்னது உன் காதில் விழுந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். "நான் குடிக்கலடா" என்றாய். குழாயைப் பிடித்திருந்த நர்ஸ், "எல்லாரும் அப்பிடித்தாம்பா சொல்லுவாங்க, அசையாம இரு" என்றார். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொன்ன வியாதிக்கு வைத்தியம் பார்த்தார்கள். உன் சட்டை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது, வேர்வை என்று நினைத்துப் போர்வையைப் போர்த்திவிட்டார்கள்.

சாயந்திரம் உன் பெண்டாட்டி எஸ்தர் ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்தாள், கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க. உன்னைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தபோது அவள் கை முதுகுப் பக்கம் போயிற்று. "இது இன்னாண்ணா, சில்லுனு கீது?" என்றாள். தோல் துண்டு. டேங்க்கை இறக்கின நான் அதை அவிழ்க்க மறந்திருந்தேன். காலையிலிருந்து உன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் கயிற்றை அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். அதனால்தான் நீ போனாயா என்று எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள இத்தனை வருஷத்தில் தைரியம் வரவில்லை.

அவளிடமும் நீ சொன்னாய். "நான் குடிக்கல எஸ்தரு." நாக்கு குழறியது, ஆனாலும் புரிந்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏன் குனிந்தேன்? அதற்குள் போலீஸ் ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போயிருந்தார், கீழே என் கையெழுத்து இருந்தது. மாற்றிச் சொன்னால் ஊசி போடுவதை நிறுத்திவிடுவார்களோ, என்னை உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று பயம். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. நீ பிழைத்து வருவாய், வந்ததும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், என்னை நாலு அடி அடிப்பாய் என்று நிச்சயமாக நம்பினேன். மூன்றாம் நாள் விடியற்காலை நீ போய்விட்டாய். அதுவரைக்கும் வாய் வந்தபோதெல்லாம் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொன்னாய். நான் கட்டில் பக்கத்திலேயே நின்றேன்.

'குடிச்சிட்டான்' என்று நான் சொன்ன வார்த்தைக்கு உங்கள் ஆட்களிடம் என்ன விலை என்று எனக்குத் தெரியாது, தோஸ்து. சாமி சத்தியமாகத் தெரியாது. உன்னைச் சர்ச்சுக்குள் கொண்டுபோகவில்லை. மணி அடிக்கவில்லை. போதகர் வீட்டு வாசலிலேயே நாலு வரி ஜெபம் செய்தார், அவர் முகத்திலும் ஈயாடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் உங்கள் அப்பா அம்மா பக்கத்தில் இடம் இருந்தும், கம்பி வேலி ஓரமாகக் குழி எடுத்திருந்தார்கள். ஏன் அங்கே என்று கேட்டேன். "தானா உசிர மாச்சிக்கிட்டவங்களுக்கு அங்கதான்பா" என்றார் மண்வெட்டி வைத்திருந்தவர். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு கூட்டம் ஜனம் இருந்தது. ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன், காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு எஸ்தர் கொஞ்சம் தேறட்டும், அப்புறம் உன் மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும். பொய்யைப் போட்டு மூடினவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? உன் மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் ரெண்டு இடம் 'அப்பன் எப்படிச் செத்தான்' என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வரவில்லை. அதுவும் என் காதுக்கு வந்தது. மூன்றாவது இடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நல்ல மனிதர்கள். இப்போது அரக்கோணத்தில் டீச்சராக இருக்கிறாள். எஸ்தர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு தூக்கு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். 'எங்க வூட்டுக்காரர மடியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்ணன்' என்றுதான் என்னை யாரிடமும் சொல்லுவாள். அந்தப் பலகாரத்தை நான் ஒரு வருஷமும் வாயில் வைத்ததில்லை.

வியாழக்கிழமை அந்தப் பெண் பேசி முடித்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக உன் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் மிதித்து மிதித்து முழங்காலும் போய்விட்டது. "வாண்ணா, ட்ரோன் பாக்கப் போனியாமே" என்றாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். க்ளுக்கோஸ் கதை, டெம்போ, வாசலில் கேட்டது, நான் சொன்னது. அவள் கை மல்லாட்டை மேலேயே நின்றுவிட்டது.

"அப்போ அவரு குடிக்கலையா?"

"இல்ல தங்கச்சி."

"எங்கிட்ட சொன்னாரே."

"சொன்னான்."

"நான் நம்பலயே" என்றாள்.

தெருவைப் பார்த்தபடி தனக்குத்தானே பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள். அன்றைக்குக் காலையில் உங்கள் இரண்டு பேருக்கும் சண்டையாமே. கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கேட்டு வைத்திருக்கிறேன், இந்த மருந்து அடிக்கிற பொழப்பை விடு என்று அவள் சொல்ல, நீ முடியாது என்றாயாம். "கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது. சோறு கூடப் போடாம ஓடுனேன். ஓடறப்போ திரும்பி, 'நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டுப் போனேன். கோவத்துல சொல்றதுதானே அண்ணா? அந்த வார்த்தைக்குத்தான் குடிச்சிட்டாருன்னு..."

உன் பேரைக் கெடுத்தேன் என்பது மட்டும்தான் இத்தனை வருஷமும் எனக்குத் தெரியும். உன்னைக் கொன்றது தான்தான் என்று அவளை நம்ப வைத்திருக்கிறேன் என்பது தெரியாது. அவள் மறு கல்யாணம் செய்துகொள்ளாததும், நல்ல புடவை கட்டாததும், மகள் கல்யாணத்தில்கூட முன் வரிசையில் வந்து உட்காராததும் இப்போதுதான் எனக்கு விளங்கின. 'எவ்வளவு பாசம் பார் அந்தப் பொண்ணுக்கு' என்று என் வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன்.

அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒன்றும் இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தினி வருசமா தெனம் ராத்திரி ஜெபம் முடிச்சிட்டு, அவரு போட்டோ முன்னாடி நின்னு மன்னிப்பு கேக்கறேன் அண்ணா. ஒரு நாள் உட்டதில்ல. இனிமே என்னால முடியாது. நீ கேளு."

முறத்தை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் போதகரைப் பார்த்துப் பேசினேன். இப்போது இருப்பவர் சின்னப் பையன், உன்னைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் முன்னால் எழுந்து சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறார். வேலி ஓரத்தைப் பற்றியும் கேட்டேன், பெரியவர்களோடு பேசுகிறேன் என்றார். உன் மகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிடுவேன்.

அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ குடிக்கவில்லை. ஒன்பது டேங்க்கை முழுசாக அடித்து முடித்துவிட்டு, பத்தாவதில் விழுந்தாய். அதில் பாதி என் முறை. மூன்று நாளும் நீ உண்மையைச் சொன்னாய், அதை உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டி கேட்டுக்கொண்டிருந்த மன்னிப்பு என்னுடையது.

கேட்கிறேன்டா. இன்றைக்கு முதல் நாள்.

சேகர்